முழு மார்க் வாங்கிய ரொட்டிக்காரரும் மாதிரி டாக்டரும்

உலகத்தில் படித்து முடித்தவர்கள் உண்டு. படிக்காமலே முடித்தவர்களும் உண்டு. படித்து முடித்து, முடித்ததற்கான சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, மறுநாள் காலை பையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் படிக்கப் போகிறவர்கள் ஒரு தனி இனம். நான் சொல்லப்போகும் பெண்மணி அந்த இனத்தைச் சேர்ந்தவர். இளங்கலை, முதுகலை, அதற்கு மேல் முனைவர் பட்டம் எல்லாம் ஆயிற்று. இப்போது முனைவருக்குப் பின் ஒரு பயிற்சி, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், இரண்டு வருடத்துக்கு. தலையில் ஒன்றிரண்டு நரை வந்த பிறகும் கழுத்தில் 'பயிற்சியாளர்' என்று அட்டை தொங்குகிறது.

அவருடைய அம்மாவுக்கு இது இன்றுவரை பிடிபடவில்லை.

"ஏண்டி, இன்னும் எத்தனை கிளாஸ் பாக்கி இருக்கு?"

"கிளாஸ் இல்லம்மா, ஃபெலோஷிப். பயிற்சி."

"இத்தனை வருஷம் படிச்சியே, அதெல்லாம் பயிற்சி இல்லாமலா படிச்சே?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது என்பதால் மகள் பேச்சை மாற்றிவிடுவார்.

குடியிருப்பில் அவருக்கு வேறு பெயர். குடிவந்த புதிதில், வாசலில் 'டாக்டர்' என்ற பலகையைப் பார்த்துவிட்டுக் கீழ்வீட்டுக்காரர் காய்ச்சலுக்கு மாத்திரை எழுதி வாங்க மாடியேறி வந்தார். "நான் மருந்து எழுதுற டாக்டர் இல்லீங்க, மூளை எப்படி வேலை செய்யுதுன்னு சோதிச்சுப் பாக்குறவ" என்று இவர் பொறுமையாக விளக்கினார். கீழ்வீட்டுக்காரர் அதைவிடப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கீழே போய், "அவங்க டாக்டர் இல்ல, டாக்டர் மாதிரி" என்று அறிவித்துவிட்டார். அன்று முதல் அந்தக் கட்டடத்தில் அவர் மாதிரி டாக்டர். பால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். இவரும் திரும்பிப் பார்க்கிறார்.

வேலை என்ன என்று கேட்டால் அவர் சொல்லும் பதில் நீளம். மருத்துவ நரம்பு உளவியல், மூளைப் படங்கள், இரண்டையும் சேர்த்துப் படிக்கும் துறை என்று தொடங்கும்போதே கேட்டவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அவருடைய வீட்டுக்காரர் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்பவர், வாசலில் நின்றபடியே எதையும் ஒரு மூச்சில் புரியவைக்கத் தெரிந்தவர். அவர் சொல்வது இது: "மண்டைக்குள்ள என்ன இருக்குன்னு ஸ்கேன் சொல்லும். அது ஒழுங்கா வேலை செய்யுதான்னு என் பொண்டாட்டி சொல்லுவா." இதைவிடச் சரியாக எந்தப் பேராசிரியரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் அவருக்குக் கொடுத்த அறை முன்பு துவைத்த படுக்கை விரிப்புகளை அடுக்கிவைத்த இடம். மேசை ஒன்று, நாற்காலிகள் இரண்டு, சத்தம் வராத நிறுத்துக்கடிகாரம், மரக்கட்டைகள், படங்கள், கூர் சீவிய பென்சில்கள். கதவு வெறும் ஒட்டுப்பலகை. உள்ளே யாராவது இருமினால் வெளியே பெஞ்சில் இருப்பவர் "தண்ணி வேணுமா?" என்பார். அந்த அறையில்தான் நோயாளிகள் அரை நாள் உட்கார்ந்து, கதை கேட்டுத் திருப்பிச் சொல்லி, கட்டைகளை அடுக்கி, முகங்களை அடையாளம் கண்டு, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக் களைத்துப் போவார்கள். ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர், "என்னைக் கிண்டல் பண்றீங்களா?" என்று எழுந்தே விட்டார். மாதிரி டாக்டர் அசரவில்லை. "உக்காருங்க சார். எல்லாரும் எங்கயாவது ஒரு இடத்துல வழுக்கி விழற மாதிரிதான் இதைச் செஞ்சிருக்காங்க. நானே விழுந்திருக்கேன்." கணக்காளர் உட்கார்ந்தார். எண்பத்தாறிலேயே விழுந்தார்.

அவரிடம் ஒரு அபூர்வக் கலை உண்டு. பதில் சரியோ தவறோ, முகத்தைத் தபால் பெட்டி போல வைத்துக்கொள்வார். காதல் கடிதம் போட்டாலும் வக்கீல் நோட்டீஸ் போட்டாலும் தபால் பெட்டி ஒரே மாதிரிதானே இருக்கும்? அந்த முகத்தைப் பழக அவருக்கு ஒரு வருடம் ஆனது. வீட்டிலும் சில நேரம் அது வந்துவிடுகிறது, புதுச் சட்டை எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வீட்டுக்காரர் தவிக்கிறார்.

மதியத்துக்கு மேல் ஸ்கேன் படங்கள். மூளையை ரொட்டித் துண்டு போலச் சீவிச் சீவிக் காட்டும் திரை முன் உட்கார்ந்து, காதுக்கு உட்புறமாகச் சுண்டுவிரல் பருமனில் வளைந்து கிடக்கும் ஒரு பகுதிக்கு எல்லை வரைவார். கடல்குதிரை போல இருப்பதால் அதற்குப் பெயரும் அதுதான். புதிதாகக் கேட்பதை நினைவில் சேர்ப்பது அதன் வேலை. பெரும்பாலானவர்களுக்கு இடப்பக்கத்துக் கடல்குதிரை வார்த்தைகளையும் வலப்பக்கத்தது படங்களையும் முகங்களையும் கவனித்துக்கொள்கின்றன என்று வையுங்கள். கணினியே எல்லை வரைந்து கொடுக்கும்தான். ஆனால் கணினி அவசரக்காரன், பக்கத்து நிலத்தையும் சேர்த்து வளைத்துப் போடும். இவர் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டிலும் வேலியைத் திருத்தி நடுவார்.

அந்த ஒட்டுப்பலகை அறைக்கு ஒருநாள் ரொட்டிக்காரர் வந்தார்.

பேக்கரியில் பெரிய அடுப்பைப் பார்த்துக்கொண்டவர். சிறு வயதிலிருந்தே வலிப்பு. கீழே விழுந்து துடிக்கிற வகை இல்லை. வயிற்றிலிருந்து என்னவோ மேலே ஏறுவதுபோல் இருக்கும், பிறகு கண் நிலைகுத்தி, உதட்டை மென்றுகொண்டு, தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் நிற்பார். அப்படி நின்ற ஒரு தடவை கை அடுப்புக்குள் போனது. முதலாளி நல்லவர், வேலையை விட்டு அனுப்பவில்லை, கேக் பெட்டி மடிக்கும் மூலைக்கு மாற்றினார். ஊருக்கே ரொட்டி சுட்ட மனிதர் அட்டையை மடித்துக்கொண்டிருந்தார். மாத்திரைகளை மாற்றி மாற்றிப் பார்த்தாகிவிட்டது. இனி மிச்சம் இருந்தது அறுவை சிகிச்சை ஒன்றுதான்: வலிப்பு கிளம்புகிற இடத்தைக் கண்டுபிடித்து எடுத்துவிடுவது. அது கிடைக்குமா கிடைக்காதா என்பதற்குத்தான் இத்தனை சோதனையும்.

கூடவே வந்தவர் அவர் மனைவி. கணக்கு டியூஷன் எடுப்பவர், ஆகவே எல்லோருக்கும் டீச்சர். அவரிடம் படித்து யாரும் ஃபெயில் ஆனதில்லை என்று பெயர். நான்கு தெரு தள்ளியிருந்தும் பிள்ளைகள் அவரிடம் வருவார்கள், அல்லது இழுத்து வரப்படுவார்கள்.

"இது பரீட்சை இல்ல டீச்சர். இதுல பாஸ், ஃபெயில் கிடையாது" என்று மாதிரி டாக்டர் முதல் நாளே சொன்னார்.

"சரிங்க மேடம்" என்றார் டீச்சர். அவரும் பெற்றோர்களிடம் அப்படித்தான் சொல்லுவார், மார்க் முக்கியமில்லை என்று. யாரும் நம்பியதில்லை.

சோதனை தொடங்கியது. பதினைந்து வார்த்தைகளை மாதிரி டாக்டர் நிதானமாக வாசிக்க வேண்டும், ரொட்டிக்காரர் நினைவில் நின்றதைச் சொல்ல வேண்டும். இப்படி ஐந்து தடவை. பிறகு அரைமணி நேரம் வேறு வேலை கொடுத்துவிட்டு, மறுபடி கேட்க வேண்டும். ஐந்து தடவையும் முடிந்தது. அரைமணி முடிவதற்குள் ரொட்டிக்காரருக்கு வலிப்பு வந்துவிட்டது. சோதனை அத்துடன் நின்றது. அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்.

இங்கேதான் நம் பெண்மணி ஒரு தப்பு செய்தார். மூளையைப் பற்றி நிறையப் படித்தவரால் மட்டுமே செய்ய முடிந்த தப்பு. அலமாரியில் வேறு பட்டியல் இருந்தது. ஆனால் இவர் யோசித்தார்: வலிப்பு வந்தால் அதற்குச் சற்று முன் கேட்டதெல்லாம் அழிந்துபோகும், ஆகவே பழைய பட்டியலே அவருக்குப் புதிதுதான். ரொட்டிக்காரர் விஷயத்தில் இந்த வாதம் அப்பழுக்கில்லாதது. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து ஒட்டுப்பலகைக்குப் பின்னாலிருந்து ஐந்து தடவையும் தெளிவாகக் கேட்ட டீச்சருக்கு எந்த வலிப்பும் வரவில்லை.

அடுத்த வாரம் ரொட்டிக்காரர் வந்தார். பதினைந்துக்குப் பதினைந்து. அரைமணி கழித்தும் பதினைந்து. தபால் பெட்டி முகம் அன்று கொஞ்சம் ஆடியது. கதை சொல்லச் சொன்னால் பாதியில் தொலைத்துவிடுகிற மனிதர் வார்த்தைகளை மட்டும் வரிசை மாறாமல், மூன்று மூன்றாக, ஒரு தாளத்தோடு கொட்டுகிறார். சாதாரணமாக ஜனங்கள் தொடக்கத்தையும் முடிவையும் பிடித்துக்கொண்டு நடுவில் தடுமாறுவார்கள். ஸ்கேனிலோ, வலிப்பு கிளம்புகிற இடமான இடப்பக்கத்துக் கடல்குதிரை வற்றிப்போயிருந்தது. ஸ்கேன் குழாய்க்குள் படுக்கவைத்து மனதுக்குள்ளேயே வார்த்தைகளை யோசிக்கச் சொன்னபோது பேச்சும் இடப்பக்கம்தான் என்று தெரிந்தது. வற்றிய இடத்திலிருந்து இவ்வளவு வார்த்தை எப்படி? இடிக்கிறதே என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினார். ஆனால் மதிப்பெண்ணையும் எழுதினார். எழுதிய வரியை யாரும் படிக்க மாட்டார்கள், எண்ணை எல்லோரும் படிப்பார்கள் என்பது அறிக்கைகளின் தலைவிதி.

டாக்டர்கள் கூடி முடிவெடுக்கும் கூட்டத்தில் சர்ஜன் எண்ணைத்தான் படித்தார். அவர் கணக்கு எளிமையானது. ஓடாத கடையை இடித்தால் தெருவுக்கு நஷ்டமில்லை, நன்றாக ஓடுகிற கடையை இடித்தால் தெருவே பட்டினி. "படத்துல எப்படி இருந்தாலும், அந்தப் பக்கம் இன்னும் வேலை செய்யுதுன்னு இந்த மார்க் சொல்லுது. இதைப் போய் எடுத்தா, மனுஷன் நாளைக்குக் கேட்டது எதுவும் நிக்காம அலைவாரு. நான் கை வைக்கமாட்டேன்." அறுவை சிகிச்சை இல்லை என்று முடிவானது.

சொல்லும் பொறுப்பு மாதிரி டாக்டருக்கு வந்தது.

"எவ்வளவு மேடம் மார்க்?" உட்காருவதற்கு முன்பே டீச்சர் கேட்டார்.

"வார்த்தையில பதினஞ்சுக்குப் பதினஞ்சு."

டீச்சர் கணவரைப் பார்த்த பார்வையில் ரிசல்ட் வந்த நாளின் பெருமை இருந்தது. "அப்போ எப்ப ஆபரேஷன்?"

"இல்ல டீச்சர். அதனாலதான் ஆபரேஷன் வேண்டாங்கறாங்க." ஓடுகிற கடை, ஓடாத கடை என்று சர்ஜன் சொன்னதையே விளக்கினார். நல்ல நினைவு இருக்கிற பக்கத்தை எடுத்தால் இழப்பு பெரிது என்றார்.

ரொட்டிக்காரர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "அப்போ அட்டைதான்" என்றார். டீச்சரின் முகத்தில் ரத்தமே இல்லை.

மாதிரி டாக்டருக்கு அந்தத் தாளம் மண்டைக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. "அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? அந்த வார்த்தைங்க இப்பவும் ஞாபகம் இருக்கா?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினார். "குடை ஏணி மேகம், பொத்தான் நதி விளக்கு, செருப்பு மணல் கூண்டு... கூண்டு..." நின்றுவிட்டார். "கூண்டு..."

"'தொ'ல ஆரம்பிக்கும்..." என்றார் டீச்சர்.

மாணவன் திக்கினால் முதல் எழுத்தை எடுத்துக்கொடுப்பது அவருக்கு மூச்சு விடுவது போல. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. அந்தப் பட்டியலை ஆயுளில் ஒரு முறையும் கேட்டிருக்கக் கூடாத ஆள் அவர்.

"தொட்டில்!" என்றார் ரொட்டிக்காரர், வெற்றிக் களிப்போடு. பிறகு இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்து, "என்னாச்சு, தப்பா?" என்றார்.

டீச்சர் அழவில்லை. பிடிபட்ட மாணவனைப் போல, தரையைப் பார்த்துக்கொண்டு ஒப்பித்தார். "ஃபெயிலானா ஆபரேஷன் தரமாட்டாங்கன்னு நெனச்சேன் மேடம். காதுல விழுந்துச்சு, விட மனசு வரல. வாய்ப்பாடு மெட்டுல போட்டுக் கொடுத்தேன். அவர் பல் தேய்க்கும்போது, குளிக்கும்போது, கதவுக்கு வெளிய நின்னு..."

"விடமாட்டா மேடம்" என்றார் கணவர். "சோப்பு கேட்டா, மேகத்துக்கு அப்புறம் என்னன்னு சொல்லு, தரேங்கறா. ஆனா நடுவுல எடுத்துக் கேட்டா எனக்குத் தெரியாது. குடையிலேர்ந்து கிளம்பணும்."

மாதிரி டாக்டர் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பு அடங்கியபோது அடுத்தது உறைத்தது: இந்த மனிதருக்கு அறுவை சிகிச்சை இல்லாமல் போனது டீச்சரால் மட்டும் அல்ல.

அன்று மாலை வீட்டுக்காரர் சட்னி அரைத்துக்கொண்டே நல்ல யோசனை ஒன்று சொன்னார். "அவங்க ஏமாத்திட்டாங்கன்னு எழுதிடேன். உண்மைதானே?"

"கேள்வித்தாளை லீக் பண்ணது நான். படிச்ச பிள்ளையைக் குத்தம் சொல்லச் சொல்றியா?"

"இந்த மாசம்தானே உனக்கு வருஷ மதிப்பீடு?"

"மதிப்பீடு என்னோடது. மண்டை அவரோடது."

வீட்டுக்காரர் மிக்ஸியைப் போட்டார்.

ஆஸ்பத்திரிகளில் அபூர்வமான வியாதிகள் பல உண்டு. 'என் தப்பு' என்று கூட்டத்தில் எழுந்து சொல்வது அவை எல்லாவற்றிலும் அபூர்வம், புத்தகத்தில்கூட அதற்குப் படம் கிடையாது. அடுத்த கூட்டத்தில் மாதிரி டாக்டர் எழுந்தார். பயிற்சியை நடத்தும் மேடம் முதல் வரிசையில் இருந்தார், மதிப்பீட்டை எழுதப்போவது அவர்தான்.

"போன கூட்டத்துல நான் கொடுத்த மார்க் செல்லாது. முதல் தடவை பாதியில நின்ன பிறகு நான் பட்டியலை மாத்தியிருக்கணும். மாத்தல. வலிப்பு வந்ததால அவருக்கு மறந்திருக்கும்னு நெனச்சேன். அவருக்கு மறந்துடுச்சு. வெளிய உக்காந்திருந்த அவர் மனைவிக்கு மறக்கல."

அறையே சிரித்தது. சர்ஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த டீச்சர் என் பையனுக்கு டியூஷன் எடுப்பாங்களா?"

"எடுப்பாங்க சார். சோப்பு மட்டும் நீங்க வாங்கி வைக்கணும்."

மேடம் சிரிக்கவில்லை. "சிரிச்சு முடிச்சாச்சா? மறுபடியும் டெஸ்ட் எப்போ?" என்று மட்டும் கேட்டார். நாட்காட்டியைத் திறந்தபடி, யாருக்கும் கேட்காத குரலில், "கதவையும் மாத்தச் சொல்லி எழுதுறேன்" என்றார். ஒன்றரை வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த மிகப் பெரிய பாராட்டு இதுதான் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்.

புதுப் பட்டியல். புதுக் கதை. பார்த்திராத முகங்கள். டீச்சர் தானாகவே தரைத்தளத்துக் கேன்டீனில் போய் உட்கார்ந்து, குடிக்காத டீ ஒன்றை ஆறவைத்துக்கொண்டிருந்தார். மெட்டு இல்லாத வார்த்தைகளை ரொட்டிக்காரர் துரத்தித் துரத்திப் பார்த்தார், அவை நிற்கவில்லை. அரைமணி கழித்துக் கையில் இருந்தது நான்கு. முகங்களை மட்டும் ஒன்றுவிடாமல் கண்டுபிடித்தார். வலப்பக்கம் திடமாக இருந்தது, இடப்பக்கக் கடை எப்போதோ மூடிவிட்டது. படமும் சோதனையும் முதல் தடவையாக ஒரே கதையைச் சொல்லின. சர்ஜன் இந்தத் தடவை வரியையும் படித்தார், எண்ணையும் படித்தார். சரி என்றார்.

மறுபடி அதே அறை, அதே மூவர்.

"எவ்வளவு?" டீச்சரின் குரல் எழும்பவே இல்லை.

"நாலு."

"பத்துக்கா?"

"பதினஞ்சுக்கு."

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய தொழில் வாழ்க்கையில் இப்படி ஒரு மார்க்கைக் கேட்டதில்லை.

"அதனால ஆபரேஷன் உண்டு டீச்சர். இழக்கறதுக்கு அந்தப் பக்கம் பெருசா ஒண்ணும் இல்ல. கொஞ்ச நாள் பேர் சொல்றதுல தடுமாற்றம் வரலாம். வலிப்பு நின்னே தீரும்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது. ஆனா நல்ல வாய்ப்பு இருக்கு."

டீச்சர் அழுதார். சிரித்துக்கொண்டேதான் அழுதார். நடுவில் உட்கார்ந்திருந்த ரொட்டிக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் இப்ப பாஸா ஃபெயிலா? யாராவது ஒருத்தர் சொல்லுங்க."

"சூப்பர் ஃபெயில்" என்றார் மாதிரி டாக்டர். தபால் பெட்டி அன்று பல்லைக் காட்டியது.

அறுவை சிகிச்சை முடிந்த சில நாளில் மாதிரி டாக்டர் பொருள்களின் படங்களை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனார். தலையில் பெரிய கட்டோடு ரொட்டிக்காரர் மூலைக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இதுவரை வலிப்பு இல்லை. கரண்டி என்றார், சீப்பு என்றார், சைக்கிள் என்றார். அடுத்த படத்தில் நின்றுவிட்டார். நெற்றி சுருங்கியது.

"தெரியும் மேடம். இது... கதவுக்கு. தொலைஞ்சா வீட்டுல சண்டை வருமே, அது."

மாதிரி டாக்டர் தாளில் குறித்துக்கொண்டார்: பெயர் வரவில்லை, பொருள் தெரிகிறது, குறும்பு குறையவில்லை. தானாக வரும், அவசரமில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் காலை, வார்டில் எல்லோரும் அரைத் தூக்கத்தில் இருந்தபோது, மூலைக் கட்டிலிலிருந்து "சாவி! சாவி!" என்று ஒரு கத்தல். நர்ஸ் ஓடி வந்தார். எதிர்க் கட்டில் பெரியவர் போர்வையை விலக்கி எழுந்தார். வாசலில் நின்ற காவலாளி இடுப்பைத் தடவித் தன் சாவிக்கொத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.